எஞ்சினுக்கு முன்னே சேஸ்: அந்தமானில் பழைய பிக்கப் பராமரிப்பு

பழைய பிக்கப்புக்கு சர்வீஸ் என்றதும் எஞ்சின் ஆயில், மூன்று பில்டர்கள், டேப்பெட், நாசில் என்று பட்டியல் தொடங்கும். கடைசியில் நினைவு வந்தால் ‘ஒரு வாட்டர் சர்வீஸும் போட்டுடுங்க’ என்று முடியும். மதுரையிலோ சேலத்திலோ ஓடும் வண்டிக்கு இந்த வரிசையால் பெரிய கெடுதல் இல்லை. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஓடும் டாடா 207, மகிந்திரா மேக்ஸ், பொலேரோ பிக்கப் போன்ற வண்டிகளுக்கு இதே வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அங்கே ஒரு பழைய வண்டியின் கதையை முடிப்பது பெரும்பாலும் எஞ்சின் தேய்மானமாக இருப்பதில்லை. பிஸ்டனும் ரிங்கும் தேய்வதற்கு முன்பே சேஸும் பாடியும் உப்பில் அரிபட்டுவிடுகின்றன. ஆகவே கழுவுவதும் துருவைப் பார்ப்பதும் முதல் வேலை, டியூனிங் அதற்கு அடுத்தது. இரண்டையும் கிலோமீட்டர் கணக்கில் வைக்காமல் நாட்காட்டிக் கணக்கில், இன்னும் சரியாகச் சொன்னால் பருவமழைக் கணக்கில், வைத்துக்கொள்ள வேண்டும். மெக்கானிக்குகளில் பலர் இதை ஒப்புக்கொள்ளத் தயங்கலாம். அவர்கள் தயக்கத்திலும் நியாயம் உண்டு; அதைப் பின்னால் பார்ப்போம்.

துரு என்பது வெறும் மழையால் வருவது என்று எண்ணுகிறோம். இரும்பு எப்போது வேகமாக அரிபடத் தொடங்குகிறது என்பதை 1930களை ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டனில் வெர்னான் என்ற வேதியியலாளர் சோதித்துப் பார்த்தார். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினால், மாசு படிந்த இரும்பில் மழையே படாமலும் துரு வேகமெடுக்கும் என்பது அவருடைய ஆய்வு காட்டிய செய்தி. இதோடு கடல் உப்பைச் சேர்த்துப் பாருங்கள். சோடியம் குளோரைடு சுமார் 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலிருக்கும் நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் ஈரப்பதத்தின் ஆண்டுச் சராசரி 80 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அதாவது, சேஸின் உள்பக்கம் படிந்த உப்பு அங்கே ஆண்டின் பெரும்பகுதி முழுதாகக் காய்வதே இல்லை. வண்டியை நிழலில் நிறுத்தினாலும், தார்ப்பாய் போட்டு மூடினாலும், ஒரு வாரம் ஓட்டாமல் வைத்தாலும் அரிமானம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைப்பதால் நிலைமை இன்னும் மோசமாகும். உப்பை எடுத்தால்தான் வண்டி காயும். வெயிலில் விட்டால் மட்டும் போதாது.

எவ்வளவு வேகத்தில் அரிக்கும் என்பதற்கும் அளவு உண்டு. ஐஎஸ்ஓ 9223 என்ற பன்னாட்டுத் தரநிலை சூழல்களைத் தரம் பிரிக்கிறது. உப்புக்காற்று கடுமையாக வீசும் கடலோரங்கள் சேரும் சி5 வகையில், பூச்சில்லாத சாதாரண எஃகு முதல் ஆண்டில் 80 முதல் 200 மைக்ரோமீட்டர் வரை இழக்கும். பிக்கப்பின் பாடித் தகடு சுமார் 0.8 மில்லிமீட்டர், அதாவது 800 மைக்ரோமீட்டர். பெயிண்ட் உரிந்த ஓரிடத்தில் அந்த வேகம் நீடித்தால் நான்கிலிருந்து பத்தாண்டுக்குள் தகடு ஓட்டையாகும். காலம் போகப்போக வேகம் சற்றுக் குறையும் என்பது உண்மை. ஆனால் கதவின் அடியிலும் மட்கார்டு மடிப்பிலும் சேறு கட்டிய இடங்களில் ஈரம் போகாமல் தங்குவதால் அந்தச் சலுகை கிடைக்காது. தமிழர்களுக்கு இது புதிய அறிவு இல்லை. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் கடற்கரையில் ஆய்வு நிலையம் வைத்து உலோகத் துண்டுகளை உப்புக்காற்றில் தொங்கவிட்டு அளந்திருக்கிறது. இந்தியாவின் அரிமான வரைபடத்தையும் வெளியிட்டிருக்கிறது. அந்த அறிவு பாலத்துக்கும் துறைமுகத்துக்கும் போய்ச் சேர்ந்த அளவுக்கு வண்டிப் பட்டறைக்கு வந்து சேரவில்லை.

இங்கேதான் முதல் மறுப்பு வரும். ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை கொட்டும் தீவில் வண்டியைத் தனியாகக் கழுவ வேண்டுமா, வானமே கழுவிவிடுகிறதே என்பது அந்த மறுப்பு. பாதி சரி. மழை நல்ல தண்ணீர். பானெட்டிலும் கூரையிலும் படிந்த உப்பை அது எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் மழை மேலிருந்து விழுகிறது, உப்போ கீழிருந்தும் ஏறுகிறது. சக்கரம் அடிக்கும் சேற்று நீர் சேஸின் உள்மடிப்பு, ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கு, டீசல் டேங்க்கைத் தாங்கும் பட்டி, பிரேக் பைப் ஓடும் பாதை ஆகியவற்றில் போய் அமர்கிறது. அங்கே மழை நேரடியாகப் படுவதில்லை. கடலோரக் கட்டடங்களில் மழை படும் சுவரைவிடச் சன்ஷேடின் அடிப்புறம் முதலில் வெடித்துக் கம்பி தெரிவதற்கும் இது ஒரு காரணம். எனவே மழைக்காலம் முழுக்க வெளியில் நின்ற வண்டியின் மேல்புறம் பளிச்சென்றும் அடிப்புறம் செதில் செதிலாகவும் இருப்பதில் வியப்பில்லை. மேல்புறத்தைப் பார்த்து வண்டியை மதிப்பிடுபவர் ஏமாறுவார். செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கு இது இன்னும் அதிகம் பொருந்தும்.

தீவின் சரக்கும் சாலையும் இதைக் கூட்டுகின்றன. ஜங்கிளிகாட் மீன் இறங்குதுறையிலிருந்து மீனும் ஐஸும் ஏற்றிப் போகும் பிக்கப்பில் உருகும் நீர் வெறும் நீராக இருப்பதில்லை. அது உப்பும் மீன் கழிவும் கலந்த கரைசல்; லோடு பாடியின் தளத்தில் ஒரு சிறு ஓட்டை இருந்தாலும் நேராகப் பின் ஆக்சில் மேலும் சேஸ் மேலும் சொட்டும். தெற்கு அந்தமானிலிருந்து பாராடாங் போகிறவர்கள் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டியை ஃபெர்ரியில் ஏற்றிக் கடக்க வேண்டும். திறந்த தளத்தில் நிற்கும்போது சாரல் படும். சாய்வுமேடையில் ஏறி இறங்கும்போது சக்கரம் உவர்நீரில் நனையும். ஓடிச் சூடாகியிருக்கும் பின் ஆக்சில் குளிர்ந்த நீரில் பட்டதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். ஆக்சில் மேலே இருக்கும் சின்ன பிரீதர் சேற்றால் அடைபட்டிருந்தால் அந்த இழுவை ஆயில் சீல் வழியாக நீரை உள்ளே கொண்டுவரும். கிரவுன் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் காரணம் இதுதான். கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் அந்த பிரீதரைத் திருகித் துடைக்க ஐந்து நிமிடம் போதும். எந்த சர்வீஸ் பில்லிலும் அது அநேகமாக இருக்காது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தெற்கு அந்தமானின் நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்ததையும் இதோடு சேர்க்க வேண்டும். சிப்பிகாட் சுற்றுப்புற வயல்களுக்குள் கடல்நீர் புகுந்தது அதனால்தான். உவர்நீர் வண்டியைத் தொடும் இடங்கள் அதன்பின் கூடினவேயொழியக் குறையவில்லை.

கழுவச் சொல்வது எளிது, தண்ணீர் எங்கே? இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. ஸ்ரீ விஜயபுரத்தின் குடிநீர் முக்கியமாக தனிக்காரி அணையை நம்பியிருக்கிறது. ஜனவரிக்குப் பின் மழை நின்றதும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை குழாயில் நாள் விட்டு நாள் தண்ணீர் வரும் நிலை பழக்கமான ஒன்று. சிக்கல் என்னவென்றால், மழை இல்லாததால் உப்பு அடுக்கடுக்காகச் சேர்வதும் அதே மாதங்களில்தான். வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் பிரஷர் பம்ப் வைத்து நூற்றுக்கணக்கான லிட்டர் அடிப்பதை அந்த நாட்களில் யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் உப்பை எடுக்க அத்தனை நீர் தேவையில்லை. தோட்டத்தில் மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பான் 16 லிட்டர் பிடிக்கும். நீளமான குழாய்முனையைச் சேஸின் மடிப்புக்குள்ளும் மட்கார்டின் உள்புறத்திலும் நுழைத்து ஒரு டேங்க் நீரை நிதானமாக அடித்தால் அடிப்புற உப்பில் பெரும்பங்கு போய்விடும். (களைக்கொல்லி அடித்த தெளிப்பானை இதற்கு எடுக்கக் கூடாது.) பானெட்டையும் கூரையையும் அந்த மாதங்களில் ஈரத்துணியால் துடைத்தால் போதும்; பளபளப்புக்காகக் கழுவுவதை மழைக்காலத்துக்குத் தள்ளிவைக்கலாம். மழைநாளில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்த பிளாஸ்டிக் தொட்டி இருந்தால் இன்னும் நல்லது. கடலோரக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. சோப்பு நுரைக்காத, நாக்கில் கரிக்கும் தண்ணீரால் கழுவுவது உப்பை இடம் மாற்றுவதாகவே முடியும். கதவின் கீழ் விளிம்பில் நீர் வடிய விட்டிருக்கும் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறப்பதும், லோடு பாடியின் ரப்பர் விரிப்பைத் தூக்கிவைத்துத் தளத்தைக் காயவிடுவதும் தண்ணீரே கேட்காத வேலைகள்.

அடுத்த மறுப்பு பட்டறையின் பழைய வழக்கத்திலிருந்து வருகிறது. வடித்த எஞ்சின் ஆயிலில் கொஞ்சம் டீசல் கலந்து அடியில் அடித்துவிட்டால் துரு எட்டிப்பார்க்காது என்பார்கள். எண்ணெய்ப் படலம் நீரைத் தள்ளும் என்பதால் இந்தப் பழக்கம் ஓரளவு பலன் தரும். அது முழுக்க மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது நேர்மையாகாது. ஆனால் கணக்கை முழுவதும் போட்டுப் பார்க்க வேண்டும். வடித்த ஆயிலில் எரிபொருள் எரிந்த அமிலமும் கரியும் நீரும் சேர்ந்தே இருக்கின்றன. அது புஷ் ரப்பரை உப்பவைத்துப் பதம் கெடுக்கும். பிரேக் டிரம்முக்குள் போனால் பிரேக் பிடிக்காது. தூசியை ஒட்டிக்கொண்டு நாளடைவில் ஈரம் காக்கும் பசையாக மாறும். உப்பைக் கழுவாமலே அடித்தால் உப்பு அந்தப் படலத்துக்கு அடியில் சிறைப்படும். தார்ப்பூச்சு எனப்படும் அண்டர்கோட்டிங்கிற்கும் இதே விதி பொருந்தும்: அழுக்கின் மேல் அடித்த கறுப்புப் பூச்சு வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே தகடு பொடியாகிக் கொண்டிருக்கும். வண்டிக்கு வெளியே நடப்பதும் உண்டு. கழிவு மேலாண்மைக்கான 2016 விதிகளின்படி, பயன்படுத்திய ஆயில் அபாயகரமான கழிவு வகையில் சேர்கிறது. ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டர் மழை அதை எங்கே கொண்டுபோகும் என்று கேட்டால், 1983-இல் வண்டூரில் கடல் தேசியப் பூங்கா அமைத்துக் காக்க முயலும் அதே பவளப்பாறைக் கடலுக்குத்தான். கழுவிக் காயவிட்ட பின், கதவின் உள்ளறையிலும் சேஸின் பெட்டிப் பகுதிகளிலும் மெழுகு அடிப்படையிலான துருத்தடுப்பானை உள்செலுத்துவதும், ஷாக்கிள் பின்னுக்கும் நிப்பிள்களுக்கும் பழைய கிரீஸ் வெளியே தள்ளப்படும் வரை கிரீஸ் கன் பிடிப்பதும் செலவில் சற்றுக் கூடும். ஆனால் அவை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்.

தண்ணீர் அடித்தே வயரிங் போய்விட்டது என்ற குறையையும் கேட்கலாம். அது எஞ்சின் அறைக்குள் பிரஷர் பம்ப்பைத் திருப்புவதால் வருவது. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் சென்சார்கள் குறைவு என்றாலும் ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், ஏர் பில்டர் வாய் ஆகியவை நீரை விரும்பாதவை. எஞ்சின் அறைக்கு பிரஷ்ஷும் துணியும் போதும், ரேடியேட்டர் இதழ்களுக்கு மட்டும் பின்புறமிருந்து மெல்லிய நீர்த்தாரை. உண்மையில் தீவு வண்டிகளின் மின்கோளாறுகளுக்குத் தண்ணீரைவிட எர்த் இணைப்புகள்தான் முதல் சந்தேகத்துக்கு உரியவை. பேட்டரியிலிருந்து சேஸுக்கும் சேஸிலிருந்து எஞ்சினுக்கும் போகும் எர்த் வயரின் முனை பச்சை பூத்திருந்தால் செல்ஃப் முக்கி முனகும். பேட்டரி மாற்றுவார்கள், செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள், நோய் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த முனையை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, வாசலின் பூசுவது ஆண்டுக்கு இரண்டு முறை செய்ய வேண்டிய வேலை.

இனி கிலோமீட்டர் கணக்கு. தயாரிப்பாளரின் கையேடுகள் ‘இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முன்னதோ அது’ என்று சொல்கின்றன. நிலப்பரப்பில் ஓடும் லோடு வண்டிக்கு கிலோமீட்டர் முந்திக்கொள்ளும். மாதத்தை யாரும் எண்ணுவதில்லை. தீவில் நிலைமை வேறு. 2018 வரை ஹேவ்லாக் என்று வழங்கிய ஸ்வராஜ் தீவில் படகுத்துறையிலிருந்து ராதாநகர் கடற்கரை வரை மொத்தமே சுமார் 12 கிலோமீட்டர். அங்கே ஓடும் பிக்கப் நாளுக்கு நான்கைந்து குட்டி நடைகள் போகும், மீட்டர் மெதுவாகவே ஏறும், எஞ்சினோ சரியாகச் சூடாகும் முன் அணைக்கப்படும். எரிதலில் பிறந்த நீராவி வெளியேறாமல் ஆயிலில் தங்கிப் பிசுக்காகும். மீட்டரில் 4000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது என்று ஆயிலை மாற்றாதவர் உண்மையில் மோசமான ஆயிலில் ஓட்டுகிறார். பிரேக் ஆயிலில் இது இன்னும் தெளிவு. காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 டிகிரி. வண்டி நின்றாலும் ஓடினாலும் ஈரம் ஏறும், கிலோமீட்டருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆண்டுக்கொரு முறை, மழை தொடங்கும் முன், பிரேக் ஆயில் மாற்றுவதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

மெக்கானிக்குகளின் தயக்கத்துக்கு இப்போது வரலாம். எஞ்சின் ஓடினால்தான் வருமானம், துரு நாளைக்குப் பார்க்கலாம் என்பது அவர்கள் நிலை. அதில் நியாயம் இருக்கிறது. குறிப்பாக கிரேட் அந்தமான் ட்ரங்க் ரோட்டில். ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை சுமார் 50 கிலோமீட்டர் ஜராவா பழங்குடிக் காப்பகத்தின் வழியே குறித்த நேரங்களில் போலீஸ் காவலுடன் வரிசையாகப் போக வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. அந்த வரிசையில் ஃபேன் பெல்ட் அறுந்த வண்டி தன் சொந்தக்காரரை மட்டும் தொல்லைப்படுத்துவதில்லை. எனவே பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், கூலன்ட் ஆகியவற்றை வடக்கே போகும் முன் பார்க்காமல் விடுவதற்கு மன்னிப்பே இல்லை. ஆனால் டியூனிங் என்று எதைச் சொல்கிறோம்? பிளக், பாயின்ட், கார்புரேட்டர் என்று அடிக்கடி சீர்செய்ய வேண்டியிருந்த பெட்ரோல் காலத்துச் சொல் அது. பழைய டீசல் பிக்கப்பில் டேப்பெட் இடைவெளி, நாசில் அழுத்தம், பம்ப் டைமிங் எல்லாம் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்ப்பவை. அடிக்கடி பார்க்க வேண்டியது டீசல் பில்டரின் அடியில் சேரும் நீரை. ரோட்டரி பம்ப்பின் உள்பாகங்களுக்கு டீசலே எண்ணெய். அங்கே நீர் போனால் பம்ப் கவ்விக்கொள்ளும். 30 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரமுள்ள காற்று ஏறக்குறைய 26 டிகிரிக்கு இறங்கினாலே நீரைச் சொட்டும். தீவில் இரவு 24 டிகிரி சாதாரணம். பாதி காலியான டேங்க்கின் உள்சுவரில் இரவோடு இரவாக என்ன நடக்கும் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம். மாலையில் டேங்க்கை நிரப்பி நிறுத்துவது, வாரம் ஒருமுறை பில்டர் அடித்திருகைத் தளர்த்தி நீரை வடிப்பது ஆகிய இரண்டும் நாசில் சர்வீஸைவிட மலிவு, பலனோ அதிகம். இவையும் ஈரத்தோடு நடத்தும் போராட்டமே என்பதைக் கவனித்தால், எஞ்சின் வேலையும் துரு வேலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற எண்ணம் கரைந்துவிடும்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் புது வண்டி வாங்கிவிடலாமே என்பவர்களுக்கு ஒரு கேள்வி. புது வண்டியும் அதே காற்றில்தானே நிற்கப் போகிறது? இன்றைய கேபின்களின் பூச்சு பழையதைவிட மேல் என்பது சரி; ஆனால் கல் தெறித்த இடத்திலிருந்து அதுவும் தொடங்கும். மாற்றுப் பாகங்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கப்பலில் வருகின்றன. சென்னையிலிருந்து பயணம் மட்டும் மூன்று நாள் வரை ஆகும். சரக்குக்காகக் காத்திருக்கும் நாட்களில் வண்டி வாடகைக்குப் போகாது. பில்டர் இரண்டு செட், பெல்ட் ஒன்று, மேல்கீழ் ஹோஸ்கள் என்று முன்கூட்டி வாங்கி வைப்பது தீவில் சிக்கனம்தான், பதுக்கல் இல்லை. எஃப்.சி. முறையும் யோசிக்க வைக்கிறது. சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதற்கு முந்தைய வாரம் டிங்கரும் பெயிண்டரும் பம்பரமாய்ச் சுழல்வார்கள். புட்டி பூசி, கறுப்பு அடித்து, ரிஃப்ளெக்டர் ஒட்டி வண்டி போய் நிற்கும். அந்த வாரச் செலவைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஏப்ரல் இறுதியில் ஒருமுறையும் தென்மேற்குப் பருவம் ஓயும் அக்டோபரில் ஒருமுறையும் அடிப்புறத்துக்குச் செலவிட்டால் புட்டிக்குத் தேவையே குறையும்.

எல்லா வண்டியையும் இப்படிக் காப்பாற்றிவிட முடியாது. சேஸின் பின்பகுதியில் ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் ஹேங்கர் பிராக்கெட் இருக்கும் இடத்தையும், கேபின் ரப்பர்கள் உட்காரும் இடங்களையும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். மொத்தை ஒலி வந்தாலோ ஸ்குரூ டிரைவர் முனை உள்ளே இறங்கினாலோ அங்கே தகடு வைத்து வெல்டிங் செய்வது பலருடைய வழக்கம். இது தவறு. புது வெல்டிங்கின் ஓரத்தில் இருக்கும் பழைய இரும்பும் அதே அளவு மெலிந்தே இருக்கும். லோடு ஏற்றிய ஏதோ ஒரு நாளில் அங்கே விரியும். பிரேக் பைப் செதில் விட்டிருந்தாலும் தேய்த்துப் பெயிண்ட் அடிக்காமல் மாற்ற வேண்டும். சட்டமும் இந்த இடத்தில் வாதத்துக்குத் துணை நிற்கிறது: பதிவு அதிகாரியிடம் அனுமதி வாங்கி எஞ்சினை மாற்றி ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள முடியும், வண்டியின் அடையாளமாக நிற்பதோ சேஸ் எண். சேஸ் ஓட்டையான 207-இன் எஞ்சின் நன்றாக இருந்தால் அதை எடுத்து, சேஸ் உறுதியாக இருக்கும் இன்னொரு 207-க்கு வைத்து ஓட்டலாம். எஞ்சின் நன்றாக இருக்கிறது என்பதற்காக ஓட்டைச் சேஸில் லோடு ஏற்றக் கூடாது.